ஆய்வேட்டுப் படிவ விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பெறும் பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பிரிவினருக்கும், அவற்றின் படிவ விதிகளை வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, பைண்டிங்குக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தாங்கள் தரும் விதித்தாள்களில் எழுத்தளவு, வரி இடைவெளி, இடப்பக்க ஓரம், மேலட்டையின் நிறம் வரை எல்லாம் சொல்லப்படுகின்றன. தலைப்பு என்பது கோப்புக்குள்ளும் தலைப்பாகவே பதிவாகியிருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரியும் இருப்பதில்லை. “இயல் தலைப்பு 16 புள்ளி, தடித்த எழுத்து, நடுவில்” என்றிருந்தால் மாணவர் அதைத்தான் செய்வார்: சாதாரணப் பத்தி ஒன்றைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி நடுவில் நிறுத்துவார், உட்தலைப்புக்கு முன்னால் 2.3.1 என்று கையால் அடிப்பார். கண்ணுக்கு அது தலைப்பு. மென்பொருளுக்கோ அதுவும் ஒரு பத்தி, அவ்வளவுதான்.

இதன் வினை கடைசி வாரத்தில் தெரியவரும். நெறியாளர் இரண்டாம் இயலில் ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்க்கச் சொல்வார். 2.3 என்றிருந்தது 2.4 ஆக வேண்டும், அதன் கீழுள்ள உட்பிரிவுகள் எல்லாம் மாற வேண்டும், பொருளடக்கம் மாற வேண்டும், நான்காம் இயலில் எங்கோ “2.3ஆம் பகுதியில் கண்டவாறு” என்று எழுதியிருப்பதும் மாற வேண்டும். இதில் ஒன்றாவது விடுபடும். விடுபட்ட அந்த ஒன்றுதான் புறத்தேர்வாளரின் கண்ணில் முதலில் படும்.

வேர்டு மென்பொருளில் ஒவ்வொரு பத்திக்கும், அது எந்த நிலைத் தலைப்பு என்பதைக் குறிக்கும் அவுட்லைன் லெவல் என்றொரு பண்பு உண்டு. அது 1 முதல் 9 வரையான ஒரு படிநிலையாக இருக்கலாம், அல்லது வெறும் உடற்பகுதி என்றிருக்கலாம். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரெஓஃபிஸ் ரைட்டரில் படிநிலைகள் 10. ஹெடிங் 1, ஹெடிங் 2 எனும் பாணிகள் (ஸ்டைல்கள்) இந்தப் படிநிலையோடு கூடியே வருகின்றன. இடப்பக்கம் திறக்கும் நேவிகேஷன் பகுதி, தானாக உருவாகும் பொருளடக்கம், பிடிஎஃப் கோப்பின் புக்மார்க்குகள் ஆகிய மூன்றும் இதை நம்பியே இயங்குகின்றன. எழுத்தின் பருமனையும் தடிப்பையும் அவை பார்ப்பதே இல்லை.

புல்லட்டுக்கும் எண்வரிசைக்கும் உரிய படிநிலை முற்றிலும் வேறு. வேர்டில் அதற்கும் ஒன்பது படிகள் இருப்பதாலும், டேப் விசையை அழுத்தினால் வரி ஒரு படி உள்ளே நகர்வதாலும், இரண்டும் ஒன்றே என்று பலர் கருதிவிடுகிறார்கள். பட்டியலின் படி சொல்வது எந்தக் குறி, எவ்வளவு உள்தள்ளல், எந்த எண் என்பதை மட்டுமே. உட்தலைப்புகளுக்கெல்லாம் புல்லட் வைத்து, டேப் தட்டி, அழகாக அடுக்கிவிட்டு, பொருளடக்கம் ஏன் காலியாக வருகிறது என்று கேட்டு வருபவர்கள் உண்டு. அந்த வரிகளுக்குப் பட்டியல் படி இருக்கிறது, அவுட்லைன் படி இல்லை என்பதே விடை.

இரண்டும் தனித்தனியாக இருப்பது குறையன்று. தமிழ் ஆய்வேட்டுக்கு அது மிகவும் வேண்டியது. முன்னுரை, முடிவுரை, துணைநூற்பட்டியல் ஆகியவற்றுக்கு இயல் எண் கிடையாது, ஆனால் அவை பொருளடக்கத்தில் இயல்களுக்கு நிகராக இடம்பெற வேண்டும். அவுட்லைன் படி 1 கொண்ட, எண்வரிசை இல்லாத ஒரு பாணியை அமைத்துவிட்டால் இது தீர்ந்தது. இதை அறியாதவர்கள் முன்னுரைக்கும் ஹெடிங் 1 கொடுத்து, அது “இயல் 1” ஆகிவிட்டதைக் கண்டு எண்ணை அழித்து, அடுத்த இயல் எண்ணும் குழம்பி, கடைசியில் எல்லாவற்றையும் கையால் அடிப்பதற்கே திரும்பிவிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை, ஐந்து இயல்களை ஐந்து கோப்புகளில் எழுதி இறுதியில் ஒன்றாக ஒட்டுவது. வேர்டு கோப்பில் பட்டியலின் இலக்கணம் தனியிடத்தில் சேமிக்கப்படுகிறது. பத்தியில் இருப்பது “நான் இன்ன பட்டியலின் இன்ன படி” என்ற சுட்டு மட்டுமே. ஒட்டப்படும் ஒவ்வொரு கோப்பும் தன் பட்டியலையும் உடன் கொண்டுவருவதால், மூன்றாம் இயலின் முதற்பகுதி 1.1 என்று நிற்கும். மருந்து ஒன்றே: முழு ஆய்வேட்டுக்கும் ஒரே பலநிலைப் பட்டியல், அதன் ஒவ்வொரு படியும் ஒரு ஹெடிங் பாணியோடு பிணைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். வேர்டில் பலநிலைப் பட்டியலை வரையறுக்கும் பெட்டியில் இதற்கு இடம் உண்டு. லிப்ரெஓஃபிஸில் ஹெடிங் நம்பரிங் இதைத்தான் செய்கிறது. முதற்படியின் எண்ணுக்கு முன்னால் “இயல்” என்று ஒருமுறை அடித்துவைத்தால், எல்லா இயல் தலைப்புகளிலும் பொருளடக்கத்திலும் அது தானாக வரும்.

உட்பிரிவுகளை அ, ஆ, இ என்று வரிசைப்படுத்தச் சொல்லும் விதியையும் தாங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். வேர்டு கோப்பு வடிவத்துக்கான ஐஎஸ்ஓ 29500 தரத்தின் எண்வடிவப் பட்டியலில் இந்தி உயிரெழுத்துக்கும் மெய்யெழுத்துக்கும் தாய் மொழி எழுத்துக்கும் தானியங்கி வரிசை உண்டு, தமிழெழுத்துக்கு இல்லை. இது நமக்கு வருத்தம் தருவதுதான். எனினும் இல்லாத வசதியை விதியாக்கினால் மாணவர் கையால் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதில் விபரீதம் ஒன்றும் நேர்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் இன்றும் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்து வரிசையைத் தெரிவுசெய்தால், அந்த எண்ணும் பத்தியின் எழுத்துருவையே ஏற்பதால், ஏ, பி, சி வரவேண்டிய இடத்தில் ய, டி, உ என்று வந்து நிற்கிறது. எண்களையே கேட்பதும் யூனிகோடு எழுத்துருவைக் கட்டாயமாக்குவதும் இன்றைக்குப் போதுமான வழி.

புல்லட் குறியைப் பற்றிச் சிறிது: வேர்டு இயல்பாக இடும் கரும்பொட்டு சிம்பல் எழுத்துருவின் தனிப்பட்ட குறியிடத்திலிருந்து வருவதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கைப்பேசியிலோ அது வெற்றுக் கட்டமாகத் தெரியலாம். யூனிகோடின் பொதுவான பொட்டையே வைத்துப் பட்டியல் பாணியை அமைத்துத் தந்தால் போதும். இரண்டு படிகளுக்கு மேல் புல்லட் தேவைப்படும் ஆய்வேட்டை நான் நல்ல ஆய்வேடாகக் கருதுவதில்லை, அது வேறு கதை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்குப் பின் ஆய்வேடுகளின் மின்படி, இந்திய ஆய்வேடுகளுக்கான ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்துக்குப் போகிறது. அதைத் திறப்பவர்களில் பார்வையற்ற ஆய்வாளர்களும் உண்டு. என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். தலைப்பாகப் பதிவாகாத தலைப்புக்குத் தாவ முடியாது. தடித்த எழுத்து காதில் விழுவதில்லை. முந்நூறு பக்கங்களையும் வரிவரியாகக் கேட்டுத்தான் அவர் நான்காம் இயலை அடைய வேண்டியிருக்கும்.

ஆகவே, விதித்தாளோடு வேர்டு, லிப்ரெஓஃபிஸ் இரண்டுக்கும் ஒவ்வொரு வார்ப்புருக் கோப்பை இணையத்தில் வெளியிடுங்கள். தலைப்புகள் ஹெடிங் பாணிகளிலேயே அமைய வேண்டும், பிடிஎஃப் புக்மார்க்குகளோடு தரப்பட வேண்டும் என்ற ஒரு வரியை விதியில் சேருங்கள். சரிபார்ப்பதும் கடினமன்று: கோப்பைப் பெற்றுக்கொள்ளும் அலுவலர் நேவிகேஷன் பகுதியைத் திறந்து பார்க்கட்டும், அது வெறுமையாக இருந்தால், கட்டணம் வாங்கும் முன்பே மாணவரிடம் திருப்பித் தரட்டும்.

இங்ஙனம்,
ஆய்வேடு தட்டச்சுத் தொழிலில் உள்ள ஒருவன்