மகளுக்கு, கினிபிக்கின் சுகம் குறித்து

தலவாக்கலை,
தை மாதம் 20ஆம் நாள்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பிள்ளையும் சித்தியும் சுகம். உன் சுகம் அறிய ஆவலாக இருக்கிறோம். உன் குரலைக் கேட்டு இன்றோடு 22 நாட்கள் ஆகின்றன. எழுத்துச் செய்திகள் ஒழுங்காக வருகின்றன. பிள்ளையின் பிறந்தநாளன்று நீ எழுதி அனுப்பிய வாழ்த்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அங்கே வேலை அதிகம், பேச நேரம் கிடைப்பதில்லை என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைச் சித்தியின் மகன் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய கினிபிக் என்ற இந்தச் சின்னப் பிராணிக்கு நோய் வந்ததை அவன் வாயால் அரைகுறையாகக் கேட்டு நீ கலங்கக் கூடாது என்பதால், நடந்ததை நானே எழுதுகிறேன்.

கண்டியில் ஒரு கடையில் வாங்கினோம். பழுப்பும் வெள்ளையுமாக இருந்த அவனைப் பார்த்ததும் பிள்ளை 'பஞ்சு' என்று பெயர் வைத்துவிட்டாள். அந்தக் கடையில் முயல்களின் கூடுகளுக்குக் கீழேயே கினிபிக்குகளின் கூட்டை அடுக்கியிருந்தார்கள். அது தவறு என்பது எனக்கு அப்போது தெரியாது. முயலுக்கும் நாய்க்கும் பெரும்பாலும் தொந்தரவு தராமல் அவற்றின் மூக்கிலும் தொண்டையிலும் தங்கியிருக்கும் போர்டெட்டெல்லா என்ற கிருமி, கினிபிக்கின் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவாக மாறும் என்று பின்னர்தான் அறிந்தேன். ஆனால் அவனுடைய மூக்கின் ஓரம் ஈரமாக இருந்ததை அன்றே கண்டேன். தண்ணீர் குடித்திருப்பான் என்று எண்ணிக்கொண்டு, காட்போட் பெட்டியை மடியில் வைத்து, பஸ்ஸின் யன்னலைச் சாத்திக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

நான்காம் நாள் காலையில் புல் பை சரசரத்தும் அவன் 'வீக், வீக்' என்று கத்தவில்லை. கூட்டின் மூலையில் உரோமம் சிலிர்த்து உருண்டையாக உட்கார்ந்திருந்தான். கண்ணோரத்தில் பீளை காய்ந்திருந்தது. கையில் எடுத்துக் காதருகே வைத்தேன். காய்ந்த வெங்காயத் தோலை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து மெதுவாக நசுக்கினால் வரும் சத்தம், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு தடவை கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் புதியது அல்ல.

இங்குள்ள மிருக வைத்தியர் பெரும்பாலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து செய்பவர். உன் வயதை விடக் குறைந்த ஒரு பெண்பிள்ளை. பேராதனை மிருக வைத்திய பீடத்தில் தன்னோடு படித்தவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே மருந்து எழுதினார். அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. காட்டில் மற்ற மிருகங்களுக்கு இரையாகும் இனம் என்பதால், இந்தப் பிராணி தன் பலவீனத்தைக் கடைசி வரை வெளியே காட்டாதாம். நம் கண்ணுக்கு நோய் தெரிகிறதென்றால் அது பல நாட்களாக உள்ளே இருந்திருக்கிறது என்று அவர் சொன்னார். மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் தீனியை விட்டுவிடும். தீனியை விட்டால் ஒரு நாளைக்குள்ளேயே குடல் ஓயத் தொடங்கும். நுரையீரல் தாங்கினாலும் குடல் தாங்காமல் உயிர் போய்விடும் என்றார்.

அவரிடம் போவதற்கு முன் நான் செய்யவிருந்த காரியத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அம்மாவின் படத்துக்குக் கீழே உள்ள தகரப் பேணியில், நீ சென்ற ஆவணியில் லீவில் வந்திருந்தபோது சளிக்கு எடுத்த அமொக்சிசிலின் குளிசைகள் இருந்தன. வைத்தியர் உனக்கு 21 கொடுத்தார். பேணியில் ஒன்பது இருந்தன. எண்ணிப் பார்த்தேன். அதில் ஒன்றைப் பிரித்து, கரண்டியில் தேனோடு குழைத்து, ஊட்டுவதற்காக அவனை மடியில் எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டதாகச் சித்தியின் மகன் ஓடி வந்தான். நான் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றித்தான். கொடுத்திருந்தால் அவன் செத்திருப்பான், மகளே. பெனிசிலின், அம்பிசிலின், அமொக்சிசிலின் ஆகிய மருந்துகளைக் கினிபிக்குக்கு வாயால் கொடுத்தால், அதன் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, அந்த இடத்தில் கெட்ட கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். மனிதனைப் பிழைக்க வைக்கும் மருந்து அதைக் கொன்றுவிடும். வைத்தியர் என்ரோபுளொக்சசின் என்ற திரவ மருந்தைத் தந்து, சிரிஞ்சில் நீல மையால் கோடு போட்டு, காலையும் மாலையுமாக 14 நாட்களுக்குக் கொடுக்கச் சொன்னார். நாள் தவறக் கூடாது, சுகமாகிவிட்டதென்று இடையில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். எஞ்சிய எட்டுக் குளிசைகளையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டேன்.

கூட்டை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. இந்தப் பிராணியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை என்று படித்திருந்ததால், மலைக்காரன்தானே, நம் குளிர் அவனை என்ன செய்யும் என்று முதலில் அலட்சியமாக இருந்துவிட்டேன். ஆனால் அவனுக்கு 18 முதல் 24 பாகை வரையான வெப்பம் வேண்டும். அதைவிட முக்கியமாக, ஈரமும் காற்று வீச்சும் கூடாது. தை மாதத்தில் நம் வீட்டின் முன் காம்பராவில் விடியற்காலை எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். கதவுக்குக் கீழால் பனிமூட்டம் உள்ளே வரும். குசினி சூடாக இருக்கும், ஆனால் அடுப்புப் புகை அவனுடைய நெஞ்சுக்கு விஷம். கடைசியில் அம்மாவின் தையல் மெசின் இருந்த மூலையில், நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் பலகை வைத்து, கூட்டின் மூன்று பக்கங்களையும் கம்பளியால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்குத் திறந்து விட்டேன். இரவில் போத்தலில் சுடுநீர் நிரப்பி, உன் பழைய பாடசாலைக் காலுறைக்குள் நுழைத்து உள்ளே வைக்கிறேன். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தூங்குகிறான். கடைக்காரர் தந்த மரத்தூளை முதல் நாளே கொட்டிவிட்டேன், அதன் தூசியும் வாசமும் மூச்சுக் குழாயை அரிக்கும். இப்போது பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாள்களும் துவாய்த் துண்டுகளும்தான். அவற்றைக் காலையும் மாலையும் மாற்றுகிறேன், ஏனென்றால் சிறுநீரின் காட்டம் மூக்கில் ஏறினால் ஆறிய புண் மறுபடி கிளம்பும். யூக்கலிப்டஸ் தைலம் பூசலாமா என்று வைத்தியரிடம் கேட்டதற்கு, அந்தப் போத்தலைத் திறந்து அதே அறையில் வைக்கவும் கூடாது என்றார்.

தீனி ஊட்டுவது பொறுமையான வேலை. கடைத் தீனி உருண்டைகளைச் சுடுநீரில் ஊற வைத்து மசித்து, நுனி வெட்டிய சிறு சிரிஞ்சில் இழுத்து, முன் பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, துளித் துளியாக விட வேண்டும். மல்லாத்திப் பிடிக்கவே கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். அவன் மென்று விழுங்கும் வரை காத்திருந்து அடுத்த துளி. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவு இரண்டு மணிக்கும் எழுந்து, ஒரு நாளில் 40 மில்லிலீற்றர் வரை ஊட்டினேன். நீ கேக் செய்ய வாங்கி வைத்த தராசில் பிள்ளை தினமும் நிறுத்துக் கொப்பியில் எழுதுகிறாள்: 640, 621, 603, 598, 598, 606. அந்த இரண்டாவது 598ஐ எழுதிய அன்று, குறையவில்லை தாத்தா என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, ஒரு கிராமுக்குக் கவலைப்படுகிறாள். உன்னைப் போலவே எழுத்து, உன்னைப் போலவே 8ஐ இரண்டு வட்டமாகப் போடுகிறாள்.

மனிதரைப் போலவே இந்தப் பிராணியாலும் உயிர்ச்சத்து சி-யைத் தன் உடம்பில் உண்டாக்க முடியாது. நோய்க் காலத்தில் அது கூடுதலாகத் தேவைப்படுவதால், 100 மில்லிகிராம் மாத்திரையில் காற்பங்கைப் பொடித்துக் கொடுக்கிறேன், கூடவே கொய்யாப்பழத்தில் ஒரு சிறு துண்டு. நீயும் அங்கே கொய்யா வாங்கிச் சாப்பிடு. விலை பார்க்காதே. புல்லை ஆற்றோரத்தில் சித்தி அறுத்து வருகிறார். தேயிலை மலையில் களைக்கு மருந்து அடிப்பதால் அங்கிருந்து ஒரு கைப்பிடியும் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் முயலைப் பார்க்கப் பிள்ளை போனால், கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே பஞ்சுவின் பக்கம் விடுகிறேன்.

ஆறாம் நாள் அவன் தானாகப் புல் தின்றான். கண் தெளிந்தது, மூக்கு காய்ந்தது. மருந்து கசப்பதால் தலையைத் திருப்பி என் விரலைத் தள்ளினான், பாவமாக இருந்தது. போதும் என்று தோன்றியது. வைத்தியரிடம் கேட்டேன். இந்த நிலையில் நிறுத்தினால் சாகாமல் எஞ்சிய கிருமி மீண்டும் எழும், அடுத்த தடவை இதே மருந்துக்கு மடங்காது என்றார். நிறுத்தவில்லை. இன்று பன்னிரண்டாம் நாள். மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது, மகளே. உடம்பு இலேசானவுடன் சுகம் வந்துவிட்டதென்று நினைக்கிறோம், வேலைக்கு நேரமாகிறது, லீவு எடுத்தால் சம்பளம் வெட்டுவார்கள் என்று நினைக்கிறோம். நிறுத்தவே கூடாது.

உன் உழைப்பில்தான் சென்ற வருடம் கூரைத் தகரம் மாற்றினோம். அதைத் தோட்டத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். 2022இல் இங்கே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது, நீ ஒருத்தி துணிந்து புறப்பட்டுப் போனதால்தான் இந்த அடுப்பு எரிந்தது. ஆனாலும், ஐந்து நிமிடம் பேசுவதற்குக் கூடவா முடியவில்லை? கடைசியாக நீ பேசிய அன்று, 'கொஞ்சம் இருங்கள் அப்பா' என்று சொல்லித் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாய். தள்ளிப் பிடித்தாலும் கேட்கும்.

வெங்காயத் தோல் சத்தம் எனக்குப் புதியது அல்ல என்று எழுதினேன். 1994 மார்கழியில் உனக்கும் பிள்ளையின் வயதுதான். ஆண்டிறுதிப் பரீட்சை விடைத்தாள்கள் என் மேசையில் குவிந்திருந்தன. உன் நெஞ்சில் அந்தச் சத்தத்தை நான் இரண்டாம் நாளே கேட்டேன். அம்மாவும் கேட்டாள். பெரட்டுக்கு, காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க, போகாமல் நின்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்றாள். பனிச் சளிதான், கொத்தமல்லி அவித்துக் கொடு, தைலம் பூசு, ஒரு நாள் பேரை, சம்பளத்தை வீணாக்காதே என்று நான்தான் அவளைக் கொழுந்தெடுக்க அனுப்பினேன். ஒரு நாள் அல்ல, எட்டு நாட்கள் அனுப்பினேன். ஒன்பதாம் இரவு உன் உதடு நீலம் பூத்தது. கொழுந்து லொறியில்தான் உன்னைக் கொண்டு போனோம். ஏன் இவ்வளவு தாமதம் என்று வைத்தியர் கேட்டபோது, நான் பாடசாலைக்குப் போய்விடுவேன், தாய் கவனிக்கவில்லை என்று சொன்னேன். உன் அம்மா பக்கத்தில்தான் உன் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, கண் மூடும் வரையிலும் பேசவில்லை.

அதன் பிறகு அதுவே வீட்டுக் கதையாகிவிட்டது. ஓட்டப் போட்டியில் நீ பாதியில் உட்கார்ந்துவிட்ட ஒவ்வொரு தடவையும் நீ அவளைத்தான் பார்த்தாய். உன் கலியாணத்துக்கு முந்திய வருடம், 'என் நெஞ்சைக் கெடுத்தவள் நீதானே' என்று நீ அவளிடம் கேட்டபோது நான் அறைக்குள் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை. அவளுடைய படத்துக்கு அடியில் அந்த மூலையில் பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கும்போது, இதை உனக்கு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. பிழை என்னுடையது. அவளுடையது அல்ல.

நாளை மறுநாள் மருந்து முடிகிறது. மறுநாள் வைத்தியரிடம் கொண்டு போய் நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும். நன்றாக இருக்கிறான் என்று நாமே தீர்மானிக்கக் கூடாதாம். இன்று காலை நிறை 631. புல் பை சரசரத்ததும் இரண்டு கால்களில் எழுந்து நின்று கத்தினான். பிள்ளை அதை உனக்குக் கேட்கவைக்க வேண்டும் என்று நிற்கிறாள். வெள்ளிக்கிழமை இங்கே இரவு எட்டு மணிக்கு, அங்கே ஆறரைக்கு, அழைப்பு எடு. எழுத்துச் செய்தி வேண்டாம். அவன் கத்தி முடிந்ததும் நீ பிள்ளையோடு கொஞ்ச நேரம் பேசு, தொலைபேசியைத் தள்ளிப் பிடிக்காமல் பேசு. நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா