நம் கணக்கையும் சொல்லுங்கள்

ஐயா,

ரசாயன ஆயுதம் பற்றிய உங்கள் தலையங்கம் சிரியாவோடு நின்றுவிட்டது. நம் கதையும் இருக்கிறதே! 1992-ல், இவற்றைத் தயாரிக்கவே மாட்டோம் என்று பாகிஸ்தானோடு கூட்டறிக்கை விட்டோம். 1997-ல் ரசாயன ஆயுதத் தடைக்கான சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும், 1,000 டன்னுக்கு மேல் மஸ்டர்டு என்ற ரசாயன ஆயுதம் இருப்பதாக நாமே கணக்குக் கொடுத்தோம். சங்கடம்தான். ஆனாலும் 2009-ல் முழுதாக அழித்து முடித்தோம். அமெரிக்கா முடிக்க 2023 ஆனது.

நான் ஈரோட்டுச் சாயப் பட்டறையில் 22 வருடம் கெமிஸ்ட். பிரிண்டிங் பசையில் கலக்கும் தயோடைகிளைக்கால், பாகுபோல் வழியும், நிறமே இருக்காது. மஸ்டர்டுக்கும் அதுதான் மூலப்பொருள். உடன்படிக்கை கட்டுப்படுத்தும் ரசாயனங்களின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. டிரம்மைத் திறந்து ஊற்றிய பையன்களுக்கு இதை யாரும் சொன்னதில்லை, நான் உட்பட. இந்த உடன்படிக்கைக்காக நம் நாட்டில் வந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தை எளிய தமிழில் அச்சிட்டுப் பட்டறைச் சுவரில் ஒட்டினால் என்ன?

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்,
ஈரோடு