ஊரெல்லாம் புது வீடு, பள்ளிக்கு ஏன் பணமில்லை?

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் தமிழ்ப் பள்ளி ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுத்து நடத்தும் நடுநிலைப் பள்ளிக் கட்டடம், மாணவர் குறைவால் மூடப்படலாம் என்று, இங்கே டெக்சஸில் நம் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. அதை அறிவித்த நாளிலிருந்து பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். “எங்கே பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள். வருஷம் தவறாமல் சொத்து வரி கட்டுகிறோம். அப்புறம் பள்ளிக்கு எப்படிப் பணம் இல்லாமல் போகும்?” நியாயமான கேள்வி. பிள்ளையைக் கூப்பிட வரும்போது வாசலில் நின்று பதில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளிக்கு வேறு இடம் தேடிக்கொள்ளலாம். என் கவலை, திங்கள் முதல் வெள்ளி வரை நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைப் பற்றியது.

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. நம்மில் பலர் இங்கே வீடு வாங்க அதுவும் ஒரு காரணம். அதற்குப் பதிலாகப் பள்ளி நடத்தும் சுமையில் பெரும்பங்கு வீட்டின் மேல் விழுகிறது. சொத்து வரி பில்லை எடுத்துப் பாருங்கள். நகரம், கவுண்டி, சமுதாயக் கல்லூரி என்று பல வரிகள் இருந்தாலும், பெரிய தொகை ஐ.எஸ்.டி. என்கிற பள்ளி மாவட்டத்துக்குத்தான் போகும். அந்த வரியே இரண்டு பங்கு. ஒன்று ஆசிரியர் சம்பளம், மின்சாரம், பஸ் போன்ற நடப்புச் செலவுக்கு. மற்றது, கட்டடம் கட்டப் பாண்ட் என்கிற கடன் பத்திரம் விற்று வாங்கிய கடனை அடைக்க. கடனுக்கு வசூலித்த வரியில் ஒரு டாலரைக்கூடச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. ஒரு பக்கம் பளபளவென்று புதுப் பள்ளி எழும்புகிறது, மறுபக்கம் வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் இதுதான்.

நடப்புச் செலவுக்கான கணக்குதான் பலருக்கும் பிடிபடாதது. ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலச் சட்டம் ஓர் அடிப்படைத் தொகையை வைத்திருக்கிறது. 2019இல் அது 6,160 டாலர். விலைவாசி ஏறிய அத்தனை ஆண்டுகளிலும் அது அசையவில்லை. 2025இல் 55 டாலர் கூட்டினார்கள். அதே சட்டத்தில் ஆசிரியர் சம்பள உயர்வுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியதையும் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற பெரிய மாவட்டங்களில் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்கு 5,000 டாலர் கூடியது. அது நல்ல காரியம். ஆனாலும் அந்த 55 டாலர் எந்த வகையிலும் போதாது என்பது என் கருத்து.

இந்த அடிப்படைத் தொகையோடு சில கூடுதல்களைச் சேர்த்து, மாணவர் கணக்கால் பெருக்கினால் மாவட்டத்துக்கு உரிய மொத்தத் தொகை வரும். அதை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு வரி முதலில் குடத்தில் விழுகிறது. குறைவதை மாநிலம் ஊற்றுகிறது. வீட்டு மதிப்புகள் ஏறி நம் வரி அதிகமாக விழுந்தால், மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். குடம் வழிந்தால் வழிந்ததை மாநிலம் எடுத்துக்கொள்ளும். குடத்தின் அளவு மாறாது. அதோடு 2019 சட்டப்படி, சொத்து மதிப்பு ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால் வரி விகிதம் இறக்கப்படும். 2023இல் அதை 100 டாலர் மதிப்புக்கு இன்னும் 10.7 சென்ட் இறக்கினார்கள். ஆகவே உங்கள் தெருவில் வீட்டு விலை இரண்டு மடங்கானாலும், உங்கள் பிள்ளையின் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும் பணம் அதனால் இரண்டு மடங்காவதில்லை.

வழிந்ததை மாநிலம் எடுப்பது அநியாயம் என்று சிலர் கோபப்படுகிறீர்கள். அதன் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் மாவட்டம் ஏழை மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. வீடுகளுக்கு மதிப்பில்லாததால், அதிக விகிதத்தில் வரி போட்டும் பள்ளிக்குப் பணம் சேரவில்லை. பக்கத்துப் பணக்கார மாவட்டம் குறைந்த விகிதத்தில் அதைவிட அதிகம் திரட்டியது. டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் மற்றப் பெற்றோரும் 1968இல் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எட்ஜ்வுட் விடவில்லை; மாநில நீதிமன்றத்துக்குப் போனது. 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்றது. அதன் விளைவாக 1993இல் வந்ததுதான், பணக்கார மாவட்டத்தில் வழிவதை எடுத்து மற்ற மாவட்டங்களோடு பகிரும், “ராபின் ஹூட்” என்று எல்லோரும் சொல்லும் ஏற்பாடு. பிள்ளை பிறந்த தெருவின் வீட்டு விலை அவளுடைய படிப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்ற அந்தக் கொள்கை சரியானது என்றே நான் நம்புகிறேன். குடம் சிறியதாக இருப்பதுதான் நம் குறை. பகிர்வின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

சரி, குடத்தின் அளவு மாணவர்களைப் பொறுத்தது என்றால், வீடுகள் பெருகும்போது மாணவர்களும் பெருக வேண்டும்தானே? முதல் பத்து, பதினைந்து ஆண்டு பெருகுவார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவார்கள். பெற்றோர் அதே வீட்டில் இருப்பார்கள். விலை ஏறிவிட்டதால் சிறு குழந்தையோடு வரும் இளம் தம்பதிக்கு அங்கே வீடு வாங்கக் கட்டுபடியாகாது. அவர்கள் இன்னும் வடக்கே போவார்கள். டாலஸுக்கு வடக்கே உள்ள பிளேனோ ஒரு காலத்தில் எல்லோரும் ஓடி வந்த ஊர். 2024 ஜூனில் பிளேனோ பள்ளி வாரியம் இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளையும் மூடத் தீர்மானித்தது. அதற்கும் வடக்கே ஃபிரிஸ்கோவில் 1990இல் சுமார் 6,000 பேர். 2020 மக்கள்தொகைக் கணக்கில் 2,00,509 பேர். பள்ளிமேல் பள்ளி திறந்த அந்த மாவட்டமும் ஸ்டேலி நடுநிலைப் பள்ளியை 2024–25 கல்வியாண்டோடு மூடிவிட்டது. ஊர் வளர்கிறது என்பதும் நம் பகுதிப் பள்ளி காலியாகிறது என்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். நம் கட்டடத்துக்கு நேர்ந்திருப்பதும் அதுவே.

இன்னும் வடக்கே, புதிதாக வளரும் ஊர்களுக்குப் போனால் இதற்கு நேர்மாறான நெருக்கடி. 2023இல் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரம் செலினா; அடுத்த ஆண்டு பிரின்ஸ்டன். தண்ணீரும் சாலையும் ஈடுகொடுக்காமல், பிரின்ஸ்டன் நகராட்சி 2024 செப்டம்பரில் புதுக் குடியிருப்புத் திட்டங்களையே தற்காலிகமாக நிறுத்தியது. பள்ளிக்கோ வேறு ஒரு சிக்கல். வரிக்காக வீட்டை மதிப்பிடுவது ஜனவரி 1 நிலவரப்படி. அன்று வெறும் அஸ்திவாரமாக இருந்த வீட்டுக்கு அந்த ஆண்டு ஏறக்குறைய மனைக்கு மட்டும்தான் வரி. ஜூலையில் குடும்பம் குடியேறி, ஆகஸ்டில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்துவிடும். முழு வீட்டுக்கான வரி அடுத்த ஆண்டு பில்லில்தான் வரும். அதைக் கட்ட அதற்கடுத்த ஜனவரி கடைசி வரை நேரமுண்டு. கட்டடமோ அதற்கு முன்பே தேவை. ஆகவே கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். ப்ராஸ்பர் மாவட்டம் 2023 நவம்பரில் வாக்காளர்களிடம் சுமார் 280 கோடி டாலர் பாண்டுக்கு அனுமதி கேட்டது. அப்படிப்பட்ட ஊரில் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டு விலையோடு அந்த மாவட்டத்தின் கடன் வரி விகிதத்தையும் பாருங்கள். புதுக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர், சாக்கடை வசதி செய்யும் எம்.யு.டி. என்ற அமைப்பின் வரி இருந்தால் அது தனி. அந்த வசதிகளுக்கான கடனுக்குப் போகுமே தவிர, பள்ளிக்கு வராது.

இனி நம் கையில் இருப்பது.

முதலில் வருகைப் பதிவு. டெக்சஸில் பள்ளிக்குப் பணம் வருவது சேர்க்கையை வைத்து அல்ல, சராசரி தினசரி வருகையை வைத்து. டிசம்பர் விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்து ஊருக்குப் போவது நம் குடும்பங்களில் வழக்கம். விமானச் சீட்டு விலை எனக்கும் தெரியும். தாத்தா பாட்டியோடு பொங்கல் கொண்டாட வேண்டும் என்ற ஆசையும் புரியும். ஆனால் அடிப்படைத் தொகையை மட்டும் பள்ளி நாட்களால் வகுத்தாலே ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஏறக்குறைய 35 டாலர். நம் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் பத்து நாள் வராமல் போனால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கோடையில் போக வழியிருந்தால் கோடையில் போங்கள். பல் மருத்துவரிடம் அழைத்துப் போவதென்றால், பள்ளியில் அதிகாரபூர்வ வருகை எடுக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதற்குப் பிறகு அழைத்துப் போங்கள்.

அடுத்தது ஹோம்ஸ்டெட் விலக்கு. நாம் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் கிடைக்கும் விலக்கு 2022இல் 40,000 டாலர், 2023இல் 1,00,000, 2025 முதல் 1,40,000. 5,00,000 டாலர் வீட்டுக்கு 3,60,000 டாலருக்குத்தான் பள்ளி வரி. வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயராது என்ற வரம்பும் இதைப் பெற்றவர்களுக்கே. இதனால் பள்ளி இழப்பதை மாநிலம் ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம், ஆகவே தயங்காமல் கேளுங்கள். குடியுரிமை, பச்சை அட்டை எதுவும் வேண்டாம். எச்1பி விசாவில் இருப்பவர்களும் பெறலாம். ஓட்டுநர் உரிமத்தில் அதே முகவரி இருக்க வேண்டும். விண்ணப்பம் இலவசம். காசு கேட்டு வரும் தபால்களைக் குப்பையில் போடுங்கள். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால், பொதுவாக மே 15க்குள் ஆட்சேபிக்கலாம்.

கடைசியாக, வாரியக் கூட்டம். நம் தமிழ்ப் பள்ளி தொண்டு நிறுவனம் என்பதால், யாருக்கு வாக்களியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குடியுரிமை பெற்றவர்கள் தேர்தலுக்கு 30 நாளைக்கு முன் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிப்பவர்கள் மிகக் குறைவு. நம் ஞாயிறு வகுப்புப் பெற்றோரின் எண்ணிக்கைகூட அங்கே பெரிது. குடியுரிமை இல்லாதவர்கள் தெரியாமல்கூட வாக்காளராகப் பதிய வேண்டாம். குடியேற்ற விஷயத்தில் பெரிய சிக்கலில் முடியும். ஆனால் பேசத் தடையில்லை. வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு எந்தப் பெற்றோரும் பேசலாம், எந்த விசாவில் இருந்தாலும். எந்தப் பள்ளியை மூடுவது, பஸ் எந்த வழியாகப் போவது, எந்த இரண்டு பள்ளிகளை இணைப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

நம் பகுதிப் பள்ளிகள் பற்றிய அடுத்த கூட்டத்தின் தேதியை வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பியிருக்கிறோம். பேச விரும்புபவர்கள் இந்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் நூலகத்துக்கு வாருங்கள். இரண்டு நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று சேர்ந்து எழுதிப் பார்ப்போம். ஹோம்ஸ்டெட் படிவம் நிரப்ப உதவி வேண்டுபவர்கள் உரிமத்தின் நகலோடு வாருங்கள். அதற்கும் அங்கேயே ஒரு மேசை போடுகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்