மருந்து மரங்களுக்கான நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நாம் நட்ட கன்றுகள் குறைவு. இதைச் சோம்பல் என்று யாரும் கொள்ள வேண்டாம். புங்கனும் வேம்பும் நட ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். மருந்துக்காக வெட்டியும் உரித்தும் தோண்டியும் அருகிப்போன மரங்களை மட்டுமே கையில் எடுப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அவை நாற்றங்காலிலேயே பொறுமையைச் சோதிப்பவை.

முதலில் பாதிரி. திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலின் தல விருட்சம் அது. ஊர்ப்பெயரிலேயே அந்த மரம் இருக்கிறது. ஆனால் கோயிலுக்கு வெளியே ஒரு பாதிரியைக் காட்டச் சொன்னால் கடலூர்க்காரர்களில் பலர் விழிப்பார்கள். வில்வம், முன்னை, பெருங்குமிழ் ஆகியவற்றோடு பாதிரியின் வேரும், பத்து வேர்களைச் சேர்த்துச் செய்யும் ஆயுர்வேத மருந்தான தசமூலத்தில் சேர்கிறது. இலையைப் பறித்தால் மரம் மறுபடி தழைக்கும். வேரைத் தோண்டினால் மரமே போய்விடும். இதன் விதை சிறகுள்ளது, காய் வெடித்தால் காற்றோடு போய்விடும். விதைக் குழுவினர் வெடிக்கும் முன்பே காய்களைப் பறித்து உலர்த்தியதால்தான் இன்று நம் நாற்றங்காலில் பாதிரிக் கன்றுகள் நிற்கின்றன. அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

அசோகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடலூரை ஒட்டிய பள்ளி ஒன்றுக்கு அசோகு நட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். நாம் போய்ச் சேர்வதற்குள் வெளியூர் நாற்றங்கால் ஒன்றிலிருந்து வாங்கிய 'அசோகு' வரிசையாக நட்டாகிவிட்டது. அத்தனையும் நெட்டிலிங்கம்! தூண்போல் நெட்டென வளர்ந்து, அலையலையான விளிம்புள்ள இலையைத் தொங்கவிடுவது நெட்டிலிங்கம். உண்மையான அசோகு பரந்து நிழல் தரும். இளந்தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். ஆரஞ்சுப் பூக்கள் கொத்துக் கொத்தாகக் கிளையை ஒட்டியே பூக்கும். இந்தக் குழப்பம் பள்ளித் தோட்டத்தோடு நின்றால் பரவாயில்லை. மாதவிடாயின்போது ஏற்படும் மிகுந்த உதிரப்போக்குக்குத் தரப்படும் ஆயுர்வேத மருந்தான அசோகாரிஷ்டத்துக்கு அசோகம் பட்டை வேண்டும். அது போதாத இடத்தில் நெட்டிலிங்கப் பட்டை கலப்படமாக நுழைகிறது. வாங்குபவருக்கு மருந்தும் இல்லை, காட்டுக்கு மரமும் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் தானாக வளரும் இந்த மரம், பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழிவை எதிர்நோக்கும் இனங்களில் இடம்பெற்றிருக்கிறது. பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால், இலையில் ஆகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் மரம் காய்ந்துவிடும். ஒரு பக்கமாக, நெடுக்குவாக்கில், குறுகிய கீற்றாக எடுத்தால் காயம் மூடிக்கொள்ளும். இதை வேலையாட்களுக்குச் செய்துகாட்டும்படி நாட்டு வைத்தியர்களான நம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கன்றுகளைத் தென்னந்தோப்பு நிழலில் வைத்திருக்கிறோம். கடலூர் வெயிலில் வெட்டவெளி அசோகுக்கு ஆகாது.

சந்தனக் கன்றுகளோடு பைகளில் பொன்னாங்கண்ணி வளர்ப்பதைப் பார்த்து, கீரை வியாபாரம் தொடங்கிவிட்டோமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பற்றவைத்துச் சத்தை உறிஞ்சி வளர்வது. துணைச்செடி இல்லாத கன்று தேறாது. வயலில் நடும்போது துவரை போட வேண்டும்.

செம்மரம் கேட்டு வந்த மனுக்கள்தான் மிக அதிகம். சேஷாசலம் மலையை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிக்கே உரிய மரம் அது. கடத்தலால் அழிவின் விளிம்புக்கு வந்திருக்கிறது. மனு தந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது மரத்தின் விலையை. வெட்டும்போது வனத்துறை அனுமதி வேண்டும் என்றதும் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. நமக்கு அதில் வருத்தமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, நாம் கொடுக்கும் அசோகுக் கன்று ஒவ்வொன்றுடனும் தளிர், பூ, இலை ஆகியவற்றின் படம் அச்சிட்ட அட்டை தர வேண்டும். மற்றொன்று, தண்ணீர் ஊற்றுவதாக எழுதித் தராதவர்களுக்கு, அவர்கள் செயற்குழு உறுப்பினரே ஆனாலும், பாதிரிக் கன்று கொடுக்கக் கூடாது. பொதுக்குழு இவற்றுக்கு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்