அந்த டியூபைக் கையோடு எடுத்து வா

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து நாலு நாளாச்சு. கடை அடைத்த பிறகுதான் எழுத உட்கார முடிகிறது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தியதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவிக்கு ஒரே சந்தோஷம், போட்டோ அனுப்பச் சொல்கிறாள்.

கடைசி மூன்று வரியை மட்டும் நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. தொடை இடுக்கில் அரிப்பு, வண்டியில் உட்கார முடியவில்லை, மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கிப் போடுகிறேன், போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதமே அதற்காகத்தான். நானும் எட்டு மாதம் இதைத்தான் அனுபவித்தேன். எனக்கு வந்தது படர்தாமரை, பூஞ்சையால் தோலில் வரும் படை. உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

புரோட்டாக் கல் முன்னால் நாள் முழுக்க நிற்கிறவன் நான். வேர்வையில் நனைந்த ஜட்டி உடம்பிலேயே காயும். முதலில் தொடையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்தது. அப்புறம் ஓரம் மட்டும் தடித்துச் சிவந்து வளையமாகப் பரவியது, நடுவில் தோல் பழையபடி ஆனது. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், உயிர் போகிற எரிச்சல். டெட்டால் ஊற்றிக் கழுவினேன், புண்ணாகிவிட்டது. பிறகு பக்கத்து மெடிக்கலில் கேட்டேன். பெயர் கேட்காமல், இடத்தைப் பார்க்காமல் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. அதில்தான் ஏமாந்தேன்.

அந்த டியூபில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்கிற கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுவதால் பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். போதாததற்குத் தொடை இடுக்கில் தோல் மெல்லிசு. ஹைட்ரோகார்ட்டிசோன் என்கிற சாதாரண ஸ்டீராய்டே முன்கையைவிட விதைப்பைத் தோலில் 40 மடங்குக்கு மேல் உறிஞ்சப்படுகிறதாம். கடைசியில் என் இரண்டு தொடையிலும் பிரசவமான பெண்ணின் வயிற்றில் விழுவது போலக் கோடுகள் விழுந்தன. படை போய்விட்டது, கோடு போகவில்லை. இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசே உத்தரவு போட்டது. இன்னும் கேட்டால் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் தீராத கோபம்.

ஒரு வழியாக வெட்கத்தை விட்டுப் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டர் வளையத்தின் ஓரத்தை பிளேடால் லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நூல் நூலாகக் கிளை பிரிந்து ஓடியது. படர்தாமரைதான். அடுத்து அவர் கேட்டது, "காலைக் காட்டுங்க." விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிப் போயிருந்தது. ஜட்டி போடும்போது பாதத்திலிருந்துதான் மேலே ஏறுகிறதாம். சாக்ஸ் போடுகிறவனாக இருந்தால் முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி என்றார். என் துண்டால் துடைத்த பையனுக்கும் இடுப்பில் வந்திருந்தது. அவனுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தோம்.

ஸ்டீராய்டு கலக்காத வெறும் பூஞ்சைக் களிம்பும், ஆறு வாரம் மாத்திரையும் கொடுத்தார். மாத்திரையை நீயாக வாங்கி விழுங்கிவிடாதே. கல்லீரலையும் நீ சாப்பிடும் மற்ற மருந்துகளையும் பார்த்துத்தான் தருவார்கள். களிம்பை வளையத்துக்கு இரண்டு விரல் வெளியே வரை தடவ வேண்டும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது. பழைய டியூபை நிறுத்தியதும் முதல் வாரம் அரிப்பு இரண்டு மடங்கானது, தூக்கமே இல்லை. அது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன்.

உனக்கு இருப்பதும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். படர்தாமரை பெரும்பாலும் விதைப்பையில் ஏறாது. அரிப்பு அங்கேயே இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். ராத்திரியில் அதிகமாகி, விரலிடுக்கு, மணிக்கட்டு எல்லாம் அரித்தால் சிரங்காக இருக்கலாம். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததே, அதையும் ஒரு தடவை பார்த்துவிடு. சர்க்கரை ஏறியிருந்தால் இது லேசில் விடாது.

உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இன்ஜின் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறாய், குளிப்பதோ பெட்ரோல் பங்கில். காட்டன் ஜட்டி நாலு சேர்த்து வாங்கி வைத்துக்கொள். குளித்ததும் இடுக்கை நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு போடு. ஈரத் துணியை கேபினுக்குள் காயப்போடாதே, வெயிலில் போடு. வண்டி நிற்கும்போது லுங்கியோடு இரு. துண்டைக் கிளீனர் பையனுக்குக் கொடுக்காதே.

அடுத்த லோடு தூத்துக்குடிக்கு என்று எழுதியிருக்கிறாய். மதுரையில் ஒரு காலைப் பொழுது வண்டியை நிறுத்து. சீட்டுப் போட நான் முன்னாடியே போய் வரிசையில் நிற்கிறேன். நீ போடுகிற அந்த டியூபைக் கையோடு எடுத்து வா, டாக்டர் கட்டாயம் கேட்பார். முடித்துவிட்டு நம் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

உன்,
செல்வம்