ஈரான் கதை 1979ல ஆரம்பிக்கல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஈரானைப் பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 1979 புரட்சியில மதத் தலைவர் கொமேனி பிளேன்ல வந்து எறங்குறதுலருந்து ஆரம்பிச்சிட்டீங்க. எடவேளைக்கு அப்புறம் தியேட்டருக்குள்ள போன மாதிரி இருந்துச்சு.

1951ல மொசாதேக் ஈரான் பிரதமர் ஆனாரு, எண்ணெய் இனிமே நாட்டோட சொத்துன்னு சட்டம் அப்பதான் பாஸ் ஆகியிருந்துச்சு. அதுவரைக்கும் பிரிட்டிஷ் கம்பெனிதான் எடுத்துச்சு, அபாதான்ல உலகத்துலயே பெரிய ரிஃபைனரி, அந்தக் கம்பெனிகிட்ட லண்டன் வரியா வாங்கினதே ஈரானுக்கு குடுத்த ராயல்ட்டியைவிட ஜாஸ்தி! பிரிட்டன் உலக கோர்ட்டுக்கு போச்சு, 1952ல கோர்ட்டு இது எங்க வரம்புல வராதுன்னு சொல்லிடுச்சு, பிரிட்டிஷ்கார நீதிபதியே அந்தப் பக்கம்தான் ஓட்டு போட்டாரு.

கேஸ்ல முடியாததை பிரிட்டனும் அமெரிக்க உளவுத்துறை சிஐஏவும் ஆளை விட்டு முடிச்சாங்க. 1953 ஆகஸ்ட் 15 ராத்திரி மொசாதேக்கைக் கவுக்க பண்ணின முதல் முயற்சி சொதப்பிடுச்சு, ஈரான் மன்னர் ஷா பாக்தாத் போய் அங்கருந்து ரோமுக்கு ஓடிட்டாரு, ஆனா நாலே நாள்ல காசு குடுத்து கூட்டம் சேத்து, டாங்க்கி எறக்கி, ஜெனரல் ஜாஹெதியை பிரதமரா உக்கார வெச்சிட்டாங்க. அடுத்த வருஷமே எண்ணெய்ல அமெரிக்க கம்பெனிங்களுக்கு 40 சதவீதம். மொசாதேக்குக்கு 3 வருஷம் ஜெயில், அப்புறம் 1967ல சாகுற வரைக்கும் வீட்டுக் காவல். இதெல்லாம் நாங்கதான் பண்ணோம்னு சிஐஏ பேப்பர் வெளிய வந்தது 2013ல, 60 வருஷம் கழிச்சு. (அவரும் உத்தமர்னு சொல்ல வரல, பார்லிமெண்ட்டைக் கலைக்க வாக்கெடுப்பு வெச்சப்ப ஆமாவுக்கு ஒரு பூத்து இல்லைக்கு ஒரு பூத்துன்னு தனித்தனியா போட்டவருதான்.)

இதைச் சொன்னா உடனே நீ 1979க்கு அப்புறம் ஆட்சிக்கு வந்த முல்லாக்களுக்கு சப்போர்ட்டான்னு கேப்பாங்க. இல்லீங்க. மொசாதேக் கூட நின்ன மதகுரு அயதுல்லா காஷானியே கடைசில அவரை கைகழுவிட்டாரு. புரட்சிக்கு அப்புறம் தெஹ்ரான்ல ஷா பேர்ல இருந்த பெரிய ரோட்டுக்கு மொசாதேக் பேரு வெச்சாங்க, கொஞ்ச நாள்லயே அதையும் எடுத்துட்டு வலி அஸ்ர்னு மதப் பேரா மாத்திட்டாங்க. வெளிநாட்டுக்காரன் அவரைக் கவுத்த கதை மட்டும் அவங்களுக்கு வேணும், யாராவது தெருவுல எறங்கி கேள்வி கேட்டா நீ சிஐஏ ஆளுன்னு சொல்றதுக்கு.

2025 ஜூன்ல என்ன நடந்துச்சு பாருங்க. இஸ்ரேல் ஈரான்ல குண்டு போட்ட எடத்துல தெஹ்ரான் எவின் ஜெயிலும் ஒண்ணு, இந்த அரசை எதுத்தவங்களை அடைச்சு வெக்கிற ஜெயில் அது. 70 பேருக்கு மேல செத்தாங்கன்னு ஈரான் அரசே சொல்லுச்சு, அதுல கைதியைப் பாக்க வந்த குடும்பத்துக்காரங்களும் உண்டு. மிச்சம் இருந்த கைதிங்களை அதைவிட மோசமான ஜெயில்களுக்கு மாத்தினாங்க. வெளிய உளவாளின்னு சொல்லி நூத்துக்கணக்கான பேரைப் புடிச்சாங்க.

அடுத்த கட்டுரைல ரெண்டு பக்கமும் அடி வாங்குற இந்த ஜனங்களைப் பத்தி ரெண்டு பத்தியாவது போடுங்க ஐயா.

இப்படிக்கு
பழைய வாசகன் ஒருத்தன், தேனி