ஒரு கொட்டையில் இரண்டு கன்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஆனி மாதம் நீங்கள் வந்திருந்தபோது உன் மகன் தின்று துப்பிய நாவல் கொட்டைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய்.

டப்பாவில் அவன் சேர்த்துவைத்ததை நானும் அம்மாவும் பங்கு போட்டோம். என் பங்கை மிளகாய் விதைபோல முறத்தில் பரப்பி, பத்து நாள் வெயிலில் காயவைத்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. நாவல் கொட்டை காய்ந்தால் செத்துவிடுமாம். ஈரத்தோடு வைத்திருந்தாலும் இரண்டு வாரம் தாண்டுவது கடினமாம். நாற்றுப் பண்ணைக்காரர் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அவளோ தன் பங்கை, பிரித்த அன்றே சதையைக் கழுவிவிட்டு, ஓட்டை போட்ட பால் கவர்களில் மண்ணும் மட்கிய சாணமும் நிரப்பி, இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றிவிட்டாள். மூன்றாவது வாரம் முளை தெரிந்தது. பொறுக்காமல் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். மேலே தளிர் நகத்தளவுதான். கீழே வேர் சுண்டுவிரல் நீளம் ஓடியிருந்தது. அவரையில் பருப்பு மண்ணுக்கு மேலே வரும்; இதில் வருவதில்லை. இரண்டாகப் பிளந்து உள்ளேயே கிடந்து ஊட்டுகிறது. இப்போது நான்கைந்து இலை விட்டிருக்கின்றன. கொழுந்து செப்புக்காசு நிறம்.

ஒரு கவரில் இரண்டு கன்று. அம்மா தவறுதலாக இரண்டு கொட்டை போட்டுவிட்டாள் என்று சொல்லப்போனேன், நல்லவேளை, சொல்லவில்லை. கிளறினால் ஒரே கொட்டை! நாவலில் இது சகஜமாம். ஒரு கொட்டைக்குள் பல கரு இருக்கும். அவற்றில் சில தாய் மரத்தின் திசுவிலிருந்தே உண்டானவை, அச்சாகத் தாயேதான். நோஞ்சானைப் பிடுங்கிவிடச் சொன்னார் பண்ணைக்காரர். எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் விட்டு ஊறவைத்து மெல்லப் பிரித்து, தனிக் கவரில் வைத்திருக்கிறேன். நான்கு நாள் தலை தொங்கியது, இப்போது நிமிர்ந்துவிட்டது.

ஐப்பசி மழைக்குள் நட்டுவிட வேண்டும். விட்டால் ஆணிவேர் கவருக்குள் சுருண்டுவிடும். ஒட்டுக்கன்று என்றால் சீக்கிரம் காய்க்கும்; விதைக்கன்றுக்கு எட்டு, பத்து வருடம் ஆகலாம். பேரனுக்கு மீசை அரும்பும் நேரம். வாசலில் மட்டும் வேண்டாம், சிமெண்டுத் தரையெல்லாம் ஊதாவாகிவிடும். கிணற்றடியில் குழி எடுத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா? அவன் வெள்ளைச் சட்டையில் இருந்த நாவற்பழக் கறை போயிற்றா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா